தீப்பெட்டியில் பொன்வண்டு, வாளியில் நண்டு: பூச்சி வளர்ப்பு கேள்வி பதில்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் வீடு. பின்பக்கத் திண்ணையில் பன்னிரண்டு வருஷமாகப் பூச்சி வளர்க்கிறேன். "மீன் வளர்த்தாலாவது பார்க்க அழகா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் அலுத்துவிட்டார்கள். ஐப்பசி மழை விழுந்ததும் பூச்சிகளும் வெளியே வரும், கேள்விகளும் வரும். இந்த வாரம் வந்தவற்றுக்குப் பதில் இங்கே.

தேவிபட்டினம்: அண்ணே, பையன் பொன்வண்டு ஒண்ணு பிடிச்சுத் தீப்பெட்டிக்குள்ள போட்டு, கொடுக்காப்புளி இலை குடுக்கிறான். முட்டையும் போட்டிருக்கு. குஞ்சு வருமா? எத்தனை நாள் இருக்கும்?

நாமெல்லாம் அங்கேதானே ஆரம்பிச்சோம், அந்தத் தீப்பெட்டியில்! முதல்ல அதை வெளியே எடுங்க. செருப்பு வர்ற அட்டைப்பெட்டிக்கு மேலே கொசுவலைத் துணி கட்டி, உள்ளே ரெண்டு மூணு குச்சியைச் சாய்ச்சு வச்சாப் போதும். கொடுக்காப்புளி இலை சரிதான், உடைமர இலையும் தின்னும். தினமும் புது இலை போடணும். தொட்டதும் காலை மடக்கிக்கிட்டுக் கீழே விழுந்து கிடந்தா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, நடிக்குது.

முட்டை பொரிச்சாலும் வர்ற புழு இலை தின்னாது. மண்ணுக்குள்ள போய் வேரைத் தின்னு வளர்ற ஜாதி அது. தீப்பெட்டியில வேருக்கு எங்கே போகும்? வண்டு எந்த மரத்துல கிடைச்சதோ அந்த மரத்தடி மண்ணை லேசாக் கிளறி முட்டையைப் போட்டு மூடச் சொல்லுங்க. வண்டா இருக்கிறது சில வாரம்தான். முன்னாடி மண்ணுக்குள்ள கழிச்ச காலம் அதைவிடப் பல மடங்கு. செத்த பிறகும் பச்சை மங்காது. அது சாயம் இல்லை, ஓட்டோட அமைப்பு வெளிச்சத்தைத் திருப்புற விதம். அதனாலதான் அந்தக் காலத்துல ராஜா வீட்டுத் துணியில பொன்வண்டுச் சிறகை வச்சுத் தைச்சாங்க.

கீழக்கரை: மகளுக்குப் பள்ளிக்கூடத்துல பட்டாம்பூச்சி வளர்த்துக் காட்டச் சொல்லியிருக்காங்க. வீட்டுல தோட்டம் கிடையாது. என்ன செய்ய?

லாத்தா, தோட்டமே வேண்டாம். கடற்கரைப் பக்கம் காலி மனையில எருக்கு நிக்கும் பாருங்க, அதோட இலையைத் திருப்பிப் பாருங்க. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு ஒண்ணு இருக்கும். முதுகுல மூணு ஜோடி கறுப்புக் கொம்பு. புழுவை விரலால எடுக்காம இலையோட வெட்டி எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, வாயைத் துணியால கட்டுங்க. எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து. இலை பறிக்கிற வேலை உங்களோடதா இருக்கட்டும், பிள்ளை கையில கொடுக்காதீங்க.

தினமும் புது இலை வைக்கணும், எச்சத்தைத் தட்டிவிடணும். ரெண்டு வாரத்துக்குள்ள புழு மேலே ஏறி, வாலை ஒட்டிக்கிட்டுத் தலைகீழாத் தொங்கும். மறுநாள் பார்த்தா பச்சைக் கூடு, அதுல ஊசிமுனை அளவுக்குத் தங்கப் பொட்டுகள். ஒரு வாரம் பத்து நாள்ல கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிஞ்சா அடுத்த நாள் காலையில மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீங்க. டீச்சர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. வெளியே வரும்போது சிறகு கசங்கின துணி மாதிரி இருக்கும். தொங்கிக்கிட்டே அதை விரிச்சுக் காய வைக்கும். அந்த ஒரு மணி ரெண்டு மணி நேரம் யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா சிறகு கோணிப்போகும், பறக்கவே பறக்காது.

ராமேஸ்வரம்: தோப்புல பழைய புளியமரப் பொந்துல கை அகலத்துக்கு ஒரு சிலந்தி இருக்கு சார். பிடிச்சுக் கொடுத்தா காசு தர்றதா வெளியூர்க்காரர் ஒருத்தர் சொல்றார். நானே வளர்க்கலாம்னும் ஆசை.

ரெண்டும் வேண்டாம், தம்பி. அந்த வகைக்கு அறிவியல் பேரே ராமேஸ்வரத்து ஹனுமவிலாசம் கோயிலை வச்சுத்தான்: பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. 2004இல் அப்படிப் பேர் வச்சாங்க. அழியும் விளிம்பில் இருக்கிற இனம்னு பட்டியல்ல இருக்கு. நம்ம தீவையும் பக்கத்துக் கரையையும் தாண்டினா இலங்கையில மன்னார்ப் பக்கம் உண்டு, அவ்வளவுதான். 2019இல் இந்தப் பேரினம் முழுசையும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பட்டியல்ல உள்ள உயிரை வச்சிருந்தா பதிவு செய்யணும். காசு தர்றேன்னு சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கடிச்சா உயிர் போகாது. ஆனா தசை பிடிச்சு இழுக்கிற வலி நாள்கணக்குல இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேலே எட்ட நின்னு பாருங்க, பொந்து வாசல்ல காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த மரத்தை விறகுக்கு வெட்டாமப் பார்த்துக்கிட்டா நீங்கதான் அதை வளர்க்கிறீங்கன்னு அர்த்தம்.

ஏர்வாடி: கும்பிடுபூச்சி ரெண்டு ஒரே டப்பாவில் விட்டேன். ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடுச்சு. மிச்சம் இருக்கிறது மூணு நாளாச் சாப்பிடாம மூடியைப் பிடிச்சுத் தொங்குது.

தின்னதுக்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு டப்பாவுக்கு ஒண்ணுதான். இப்போ அது தோல் உரிக்கப் போகுது. நெருங்காதீங்க அதுகிட்ட (தெரியாமத் தட்டிவிட்டா செத்துரும்). இரையை வெளியே எடுத்துருங்க, ஒரு வெட்டுக்கிளி இருந்தாக்கூட உரிக்கிற நேரத்துல இதைக் கடிச்சுடும். டப்பாவோட உயரம் பூச்சி நீளத்துக்கு மூணு பங்காவது வேணும். பழைய தோல்ல இருந்து கீழ்நோக்கி வழுகி இறங்க இடம் இல்லாமத்தான் பாதிப் பூச்சி கால் கோணிச் சாகுது. மூடி வழவழப்பா இருந்தா உள்பக்கம் வலை ஒட்டுங்க, பிடி கிடைக்கும். தண்ணி தெளிக்க ஆழ்குழாய் உப்புத்தண்ணி ஆகாது. காவிரிக் குடிநீர் வந்தா அதுல ஒரு பாட்டில் பிடிச்சு வைங்க.

இன்னொண்ணு. போன கோடையில என்கிட்ட முட்டைக்கூடு பொரிச்சு நாற்பது குஞ்சுக்கு மேல இருந்துச்சு. கொசு அதிகம்னு அந்த அறையில யாரோ லிக்விட் மெஷினை மாட்டிட்டாங்க. காலையில ஒண்ணுகூட நிக்கலை. வீட்டுல யாருன்னு நான் கேட்கவே இல்லை, மாட்டினது நான்தான். கொசுவைக் கொல்றது இதையும் கொல்லும். வலை கட்டிப் படுங்க.

தங்கச்சிமடம்: சங்குக்குள்ள குடியிருக்கிற நண்டு நாலு பிடிச்சேன். வாளியில கடல்தண்ணி ஊத்தி விட்டேன். ரெண்டு செத்துப்போச்சு.

புத்தகத்துல இதைத் துறவி நண்டும்பாங்க. தண்ணிக்குள்ள எடுத்தீங்களா, மேட்டு மணல்ல நடக்கும்போது எடுத்தீங்களா? தண்ணியில எடுத்திருந்தா, காற்றுக்குமிழ் இல்லாத வாளி அதுக்கு மூச்சுமுட்டும். மிச்சத்தைச் சாயங்காலமே கொண்டுபோய் விடுங்க.

மணல்ல நடந்ததுன்னா கதையே வேற. தரை நண்டு அது, தண்ணியில முக்கினா செத்துரும். ஆனா காற்று காய்ஞ்சாலும் செத்துரும், ஏன்னா செவுள் ஈரமா இருக்கணும். மூடி போட்ட கண்ணாடித் தொட்டி, நண்டு உயரத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஈர மணல், ஆழமில்லாத ரெண்டு கிண்ணம்: ஒண்ணுல கடல்தண்ணி, ஒண்ணுல நல்லதண்ணி. கொஞ்சம் பெரிய காலிச் சங்கு நாலஞ்சு போட்டு வைங்க, வீடு மாத்தும். கடையில விக்கிற பெயின்ட் அடிச்ச சங்கு வேண்டாம். திடீர்னு மண்ணுக்குள்ள புதைஞ்சு வாரக்கணக்குல வரலைன்னா தோண்டிப் பார்க்காதீங்க, தோல் உரிக்குது. நாத்தம் வந்தா மட்டும் தோண்டுங்க. வீட்டுல குஞ்சு பொரிக்காது, அதோட குஞ்சு கடல்லதான் மிதந்து வளரும்.

தொண்டி: கடலட்டை, பவளம் வச்சு உப்புத்தண்ணித் தொட்டி போடலாமா?

கூடாது. ரெண்டையும் 2001இல் வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாச்சு. தண்டனை 3 முதல் 7 வருஷம். வலையில ஏறினாலும் திரும்ப விட்டுடணும்.

திருப்புல்லாணி: செந்தேள் வளர்க்க டிப்ஸ்?

டிப்ஸ் இல்லை. கருந்தேள் பார்க்கப் பயங்கரம், சின்னச் செந்தேள்தான் ஆளைக் கொல்றது, அதுவும் பிள்ளைகளை. மகாராஷ்டிரத்து மஹாடில் டாக்டர் பாவஸ்கர் பிரசோசின் மருந்து கொடுத்துப் பார்த்துச் சாவைக் குறைச்சார். அதுக்காக வீட்டுல வச்சு விளையாடணுமா?

சாயல்குடி: மழை பெய்த ராத்திரி சிறகு உதிர்ந்த பெரிய கட்டெறும்பு ஒண்ணு கிடைச்சது. ராணியா?

பெரும்பாலும் ராணிதான். கண்ணாடிக் குழாயில மூணுல ஒரு பங்கு தண்ணி, அதை அடைச்சுப் பஞ்சு, ராணி, வாயில இன்னொரு பஞ்சு. இருட்டான அலமாரியில வைங்க. தீனி வேண்டாம், பறந்த சிறகுத் தசையைக் கரைச்சு அதுலயே முதல் குஞ்சுகளை வளர்க்கும். வேலைக்கார எறும்பு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். வாரம் ஒரு தடவைக்கு மேல எட்டிப் பார்த்தா பயந்து முட்டையைத் தானே தின்னுடும். நான் முதல் தடவை தினமும் டார்ச் அடிச்சேன்.

மண்டபம்: சீக்கிரம் சாகாததா ஒண்ணு சொல்லுங்க மாமா. பட்டுப்பூச்சி வச்சிருந்தேன், ரெண்டு நாள்ல போயிடுச்சு.

மழைக்கு வர்ற சிவப்புப் பட்டுப்பூச்சி டப்பாவுக்கு ஆகாது, மாப்பிள்ளை, பார்த்துட்டு விட்டுறணும். உனக்கு மரவட்டைதான் சரி. தேங்காய் நார்த்தூள் ஈரமா நாலு விரக்கடை, மேலே மக்கின வேப்பிலை, புங்க இலை, வெள்ளரித் துண்டு. வருஷக்கணக்குல இருக்கும். தொட்டா சுருண்டு மஞ்சளா ஒரு நீர் விடும். கையைக் கழுவாமக் கண்ணைத் தேய்ச்சிராதே.