சுரங்கக் கழிவில் செய்த கல்லை வீட்டுக்குள் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்கிறோம். பால்கனித் தரைக்குச் சிமெண்டுக் கல் பார்க்கப் போனோம். "சுரங்கக் கழிவு கலந்தது, சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று கடையில் விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: எந்தச் சுரங்கத்தின் கழிவு என்பதையும், நச்சு கசியாது என்பதையும் கடைக்காரர் காகிதத்தில் காட்டினால் வாங்கலாம். வாய்வார்த்தை போதாது.

தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் நைசான மண்தான் இந்தக் கழிவு. இரும்புத் தாது என்றால் அதில் பெரும்பாலும் சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் இருக்கும். மணலுக்குப் பதிலாகக் கலக்கலாம். பிரேசிலின் வாலே சுரங்க நிறுவனம் அப்படி மணல் பிரித்து விற்கிறது. அதே நிறுவனத்தின் கழிவு அணை 2019இல் புருமாடினோவில் உடைந்து 270 பேர் இறந்தார்கள். இந்தக் கழிவை மலைபோல் தேக்கி வைப்பதைவிடக் கல்லாகவும் கட்டடமாகவும் மாற்றுவதை நான் மனசார வரவேற்கிறேன்.

தங்கச் சுரங்கக் கழிவு அப்படியல்ல. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் தங்கம் பிரிக்கச் சயனைடு சேர்த்த கழிவு மேடுகள் அங்கேயே நின்றன. காற்றடித்தால் தூசி ஊருக்குள் வரும். இத்தகைய கழிவில் ஆர்சனிக் என்ற நஞ்சும் இருக்கக்கூடும். சிமெண்டு அதை ஓரளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழை படும் பால்கனியில் எவ்வளவு கசியும் என்பதைக் கசிவுச் சோதனைதான் சொல்லும். கந்தகத் தாது அதிகம் இருந்தால் வேறொரு தொல்லை: ஈரம் பட்டுப் பட்டு உள்ளே ஊதி, கல் விரிசல் விடும்.

அப்புறம், விற்பவரே குழம்பியிருக்கலாம். இங்கே கப்பல் பட்டறைகளில் துருவை அகற்றப் பீய்ச்சிய தாமிரக் கசடைக் கழுவிக் கான்கிரீட்டில் சேர்ப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. இரும்பு உருக்காலைக் கசடு கலந்த சிமெண்டும் புதிதல்ல. இவை உலையில் உருகி வந்தவை, சுரங்க மண் அல்ல. உங்கள் கல்லில் இருப்பது எது என்று கேளுங்கள்.

கசிவுச் சோதனை அறிக்கையில் நீங்கள் வாங்கும் அதே பொருளின் பெயர் இருக்க வேண்டும். சிங்கப்பூர் பசுமைக் கட்டட மன்றம் பசுமைப் பொருளுக்குத் தரும் டிக் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது அறிக்கைக்கு மாற்றாகாது. அறிக்கை இல்லையென்றால் கூடுதல் விலை எதற்கு? சாதாரணக் கல்லையே எடுங்கள். எந்தக் கல்லானாலும், பூச்சோடு சேர்த்துத் தரையின் தடிமன் வீவக விதிப்படி 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அன்று குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள்.

வாங்கினால், "சுரங்கக் கழிவு கலந்தது" என்பதையும் அதன் விகிதத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு அது பொய்யென்று தெரிந்தால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்க அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.