பெக்கெலேயைப் பார்த்துத் திரும்ப ஓட வந்தவருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. கல்லூரி நாட்களில் 10,000 மீட்டரை 36 நிமிடத்தில் முடித்தவள். 26 வயதில் குதிகாலில் காயம். பிறகு வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று ஓட்டம் நின்றே போனது. 2024 லண்டன் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் கெனெனிசா பெக்கெலே 41 வயதில் இரண்டாவதாக வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஐந்தே வாரத்தில் மூச்சு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. ஆனால் காலையில் எழுந்தால் குதிகால் இறுகிக் கிடக்கிறது. வீட்டில் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். பழைய டைமிங்கை எட்ட முடியுமா?

பதில்: முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் உற்சாகமானதில் தப்பே இல்லை, ஆனால் தப்பான ஆளைப் பார்த்து உற்சாகமாகிவிட்டீர்கள்.

பெக்கெலே 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை வைத்திருந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம். 2010-லிருந்து கெண்டைக்கால், குதிகால் என்று காயம் மாற்றிக் காயம். மாரத்தானுக்கு மாறினார். 2015 துபாயில் பாதியில் நின்றார், 2017 பெர்லினிலும் அதேதான். முடிந்தது கதை என்று எல்லாரும் எழுதிவைத்த பிறகு 2019 செப்டம்பரில் அதே பெர்லினுக்கு வந்தார். 30 கிலோமீட்டர் தாண்டியதும் முன்னால் போன இருவரிடமிருந்து பின்தங்கினார். அந்த இடத்தில் டி.வி.யை அணைத்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். விட்டுப்போன இடைவெளியைத் தின்றுகொண்டே வந்து, இருவரையும் தாண்டி, 2:01:41-க்கு முடித்தார். அப்போதைய உலக சாதனையை இரண்டே விநாடியில் தவறவிட்டார். வயது 37.

இதில் கவனிக்க வேண்டியது, இத்தனை வருடத்தில் அவர் ஓட்டத்தை விட்டு விலகவே இல்லை என்பதுதான். காயம்பட்டார், குணமானார், ஓடினார், மறுபடி காயம்பட்டார். பெரிய "மீள்வருகை" எல்லாம் அநேகமாக இந்த ரகம்தான். போர்ச்சுகலின் கார்லோஸ் லோப்பெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி, அப்புறம் சில வருடம் காயத்தோடு மல்லுக்கட்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு பயிற்சியில் இருந்தவர்மீது கார் மோதியது. நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. 37 வயதில் மாரத்தான் தங்கம் வாங்கினார், அடுத்த வருடம் 2:07:12 என்று உலக சாதனையே வைத்தார்.

எத்தியோப்பிய வீராங்கனை டெரார்டு டுலுவின் கதை உங்களுக்கு இன்னும் பிடிக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம். பிறகு காயம், குழந்தைப்பேறு. 2000 சிட்னியில் மறுபடி தங்கம், அதுவும் பார்சிலோனாவைவிட வேகமாக. 2009-ல் 37 வயதில் நியூயார்க் மாரத்தானை ஜெயித்தார். "பிள்ளை பெற்றவளுக்கு எதற்கு ஓட்டம்" என்பவர்களிடம் இதைச் சொல்லலாம். ஆனால் டுலுவும் பதினைந்து வருடம் ஒதுங்கி இருந்தவர் இல்லை.

உங்களுக்குப் பொருந்துகிறவர் அவ்வளவு பிரபலமில்லாத எட் விட்லாக். இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது நன்றாக ஓடினார். சுரங்கப் பொறியாளராகக் கனடாவுக்குப் போனதும் ஓட்டத்தைக் கைவிட்டார், நாற்பதுகளில்தான் திரும்ப எடுத்தார். வயதானபின் அவருடைய பயிற்சி என்னவென்றால், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவோட்டம். சில நாள் மூன்று மணி நேரம்கூட. பார்ப்பதற்குச் சலிப்பான வேலைதான். 72 வயதில் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார். எழுபது தாண்டிய யாரும் அதுவரை செய்யாதது அது. அடுத்த வருடம் 2:54-க்கு இறக்கினார். 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மாரத்தான்!

இனி உங்கள் குதிகால். எனக்குக் கவலை டைமிங்கைப் பற்றி இல்லை, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த ஐந்து வார மூச்சைப் பற்றித்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். முன்பு நன்றாக ஓடியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். புதிதாக ஓட வருபவரை மூச்சே நிறுத்திவிடும். உங்களை அது நிறுத்தாது, கால்தான் விலை கொடுக்கும்.

அதனால் வாட்ச் சொல்வதைவிடக் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடி சொல்வதைக் கேளுங்கள். நேற்றைவிட இறுக்கம் அதிகமா? அன்று ஓட்டம் குறைய வேண்டும், அல்லது ஓட்டமே வேண்டாம். மேட்டில் ஏறி ஓடுவது, ஸ்ப்ரின்ட், பழைய ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) மூன்றும் குதிகாலை அதிகம் இழுக்கும், இப்போதைக்கு வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். அநேகமாக ஒரு பயிற்சி சொல்லித்தருவார்: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் மேலே எழும்பி, ஒற்றைக் காலில் குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குவது. 15 தடவை, மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம். ஆனால் வலி தசைநாண் எலும்போடு சேரும் அடிப்பகுதியில் இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையில்தான். எந்த இடம் என்று அவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும், யூடியூபைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், தொற்று என்று டாக்டரிடம் போனால் குதிகால் பிரச்சினையைச் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் சிலருக்குத் தசைநாணைப் பாதிக்கும். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் "பட்"டென்று இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. நாற்பது தாண்டியாயிற்று, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

36 நிமிடம் வருமா? வராது என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். வந்தால் லாபம். கல்லூரிப் பெண்ணோடு 41 வயதுப் பெண்ணைப் போட்டியிட வைப்பது நியாயமே இல்லை. வயது கூடியவர்களுக்கான மாஸ்டர்ஸ் தடகளத்தில் இதற்காகவே வயது வாரியான அட்டவணை இருக்கிறது. உங்கள் நேரத்தையும் வயதையும் கொடுத்தால் அந்த வயதின் சிறந்த ஓட்டத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். உங்கள் கல்லூரி 36 நிமிடத்துக்கும் அப்படிப் போட்டுப் பாருங்கள். துரத்த வேண்டிய எண் அந்தச் சதவீதம்தான். ஒன்றிரண்டு வருடத்தில் அதைத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

மாஸ்டர்ஸ் போட்டிகளில் ஐந்தைந்து வயதாகப் பிரிவு பிரிப்பார்கள், நீங்கள் 40–44. முதல் போட்டியாக 5,000 மீட்டர் போதும். குதிகால் ஒரு மாதம் முழுக்கச் சத்தம் போடாமல் இருந்த பிறகு பெயர் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களோடு வாதம் வேண்டாம், போட்டியன்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி ஒருவரைக் கூட்டிப்போங்கள்.