கிரிக்கெட் வீரர்களைத் தவிர்த்து, உங்களை மிகவும் பாதித்த விளையாட்டு வீரர் யார்? ஏன்?

ஹெர்மன் மையர். ஆஸ்திரியாவின் அல்பைன் பனிச்சறுக்கு வீரர். "ஏன்" என்றும் கேட்டிருப்பதால் என் அப்பாவின் காலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா மேசன். நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். 2002ஆம் ஆண்டின் கடைசியில், வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது, நின்றிருந்த பலகை முறிந்து இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஒப்பந்தகாரர் ஒரு தடவை வந்து பார்த்தார், தலையணைக்கு அடியில் கொஞ்சம் பணம் வைத்தார், பிறகு வரவே இல்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே இருப்பார். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

சித்தப்பா சுவிட்சர்லாந்தில், அடெல்போடன் என்ற மலையூரில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். 2003 ஜனவரியில் ஒரு நாள் ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் அழைத்தார். "அண்ணா, இங்கே போட்டிக்கு ஒரு மேசன் வந்திருக்கிறான். அவன் காலுக்குள்ளும் கம்பி இருக்கிறது" என்றார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "எந்தக் கால்?" என்று கேட்டார். வலது கால்.

மையர் பெயருக்கு மேசன் அல்ல, உண்மையாகவே கல் அடுக்கியவர். 1972இல் பிறந்தார். சால்ஸ்பேர்க் மாநிலத்தின் ஃப்ளாஹாவ் என்ற ஊரில் அவருடைய தந்தை பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினார். பதினைந்து வயதில் ஷ்லாட்மிங்கில் உள்ள பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் சிறியது, வளர்ச்சி போதாது, நீ தேறமாட்டாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து மேசன் வேலை பழகினார். கோடையில் கட்டட வேலை, பனிக்காலத்தில் தந்தையின் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஏன் இரண்டு வேலை என்று நான் கேட்டேன். அப்பாதான் பதில் சொன்னார்: "உறைபனியில் சாந்து இறுகாது. அந்த மாதங்களில் மேசனுக்கு வேலை இருக்காது." அவர் பனியைப் பார்த்ததே இல்லை. ஆனால் சாந்தைத் தெரியும்.

மையரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது 1998 நாகானோ ஒலிம்பிக் விபத்துத்தான். பெப்ரவரி 13, மலையிலிருந்து ஒரே தடவையில் மிக வேகமாக இறங்கும் கீழ்நோக்கு ஓட்டம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டு, காற்றில் பறந்து, தலைகுப்புற விழுந்து, பாதுகாப்பு வேலிகளை உடைத்துக்கொண்டு போய்க் கிடந்தார். மூன்றாம் நாள், கீழ்நோக்கு ஓட்டத்தைவிட வளைவுகள் கூடிய சூப்பர் ஜி போட்டியில் தங்கம் வென்றார். அதற்கு அடுத்த மூன்றாம் நாள் பெருஞ்சறுக்கு வளைவோட்டத்தில் இன்னொரு தங்கம். பிரமிக்க வேண்டிய செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பாதித்த நாள் அதுவல்ல. அது 1996 ஜனவரி 6.

அன்று ஃப்ளாஹாவில் உலகக் கிண்ணப் பெருஞ்சறுக்கு வளைவோட்டம் நடந்தது. பனிச்சறுக்கில் உலகக் கிண்ணம் என்பது பனிக்காலம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர். பனியில் நட்ட கம்பங்களின் வாசல்களுக்கு இடையே வளைந்து வளைந்து இரண்டு தடவை இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டி, குறைந்தவர் வெல்வார். போட்டிக்கு முன் தடம் சரியாக இருக்கிறதா, கடிகாரம் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிலரை இறக்கிவிடுவார்கள். அவர்களுக்கு முன்னோடிகள் என்று பெயர். தமிழில் முன்னோடி என்றால் எவ்வளவு பெரிய சொல்! அங்கே முன்னோடி என்றால் முடிவுப் பட்டியலில் பெயர் வராதவர், அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் அவருடைய நேரம் சேராது. இருபத்துமூன்று வயது மேசன் தன் ஊர்ப் போட்டியில் அப்படித்தான் இறங்கினார். அவர் எடுத்த நேரம் போட்டியில் சேர்ந்திருந்தால் பன்னிரண்டாம் இடம் கிடைத்திருக்கும். யாரோ அந்த நேரத்தைக் கவனித்தார்கள். உலகக் கிண்ணத்துக்கு ஒரு படி கீழே உள்ள ஐரோப்பியக் கிண்ணத்துக்கான அணியில் இடம் கிடைத்தது. 1997 பெப்ரவரியில் ஜெர்மனியின் கார்மிஷில் முதல் உலகக் கிண்ண வெற்றி. அடுத்த ஆண்டே, பருவம் முழுவதிலும் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கிடைக்கும் ஒட்டுமொத்தப் பட்டம். 2000ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் 2000 புள்ளிகள் எடுத்தார். அதற்கு முன் எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஒரு வெற்றிக்கு நூறு புள்ளிதான் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பாடசாலைக் காலத்தில் நான் ஒரு கழகத்தின் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போவேன். அணியில் இல்லை. பெரிய துடுப்பாட்டக்காரரின் நடுக்கம்பை ஒரு நாள் பறித்தேன். அவர் கம்பை நட்டுவிட்டு அடுத்த பந்துக்கு நின்றார். எவரும் எதிலும் எழுதவில்லை. அதனால்தான் யாரும் கேட்காத ஒரு நேரத்துக்காக மையர் முழு உயிரையும் கொடுத்து இறங்கினார் என்பது என்னை விடவே இல்லை. எழுத மாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் மெதுவாகப் போகவில்லை.

2001 ஓகஸ்ட் 24இல், புகழின் உச்சியில், மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது கார் ஒன்றுடன் மோதினார். வலது கீழ்க்காலை எடுக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். டைட்டானியக் கம்பி வைத்து ஒட்டினார்கள். 2002 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. திரும்பி வந்த முதல் போட்டிதான் சித்தப்பா இருந்த அடெல்போடனில் நடந்தது. முதல் சுற்றில் முன்னணி முப்பது பேருக்குத்தான் இரண்டாம் சுற்று. மையருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

அன்றிரவு அழைத்த சித்தப்பாவின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அப்பாவுக்கு ஏன் இதைச் சொன்னோம் என்று அவர் வருந்தியிருக்க வேண்டும். அப்பாவோ, "முழுவதும் இறங்கினானா? விழவில்லையே?" என்று கேட்டார். விழவில்லை. "அப்படியென்றால் கால் தாங்குகிறது" என்றார். பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 27இல், கிட்ஸ்பூஹெலில் சூப்பர் ஜி போட்டியை மையர் வென்றார். சித்தப்பா போனில் கத்தியது எனக்கு மூன்றடி தள்ளிக் கேட்டது.

அப்பா உடனே எழுந்து நடந்துவிடவில்லை. ஓகஸ்டில்தான் மீண்டும் வேலைக்குப் போனார். மாடியில் ஏற்றவில்லை, மதில் கட்டக் கொடுத்தார்கள். மாலையில் வந்து, "நிலத்தில் நின்றுகொண்டே நாள் முழுக்க வேலை செய்தேன்" என்று அம்மாவிடம் சொன்னார். மாடிக்கு ஏற இன்னும் ஓர் ஆண்டு எடுத்தது. அதே 2004இல் மையர் நான்காவது தடவையாக ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். 2006 டூரினில் வெள்ளியும் வெண்கலமும். 2009 ஒக்டோபரில் ஓய்வு பெற்றபோது உலகக் கிண்ண வெற்றிகள் 54.

அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஜனவரியில் கிட்ஸ்பூஹெல் கீழ்நோக்கு ஓட்டம் நடக்கும் சனிக்கிழமை, நம் நேரம் மாலை நான்கு மணிக்கு, மடிகணினியைத் திறந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுவேன். அவர் நாலு மணிக்கு வரமாட்டார், கால்மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவார். போட்டிக்கு முன்பு, பெயர் எதுவும் போடாமல், ஒரு பையன் தடத்தில் இறங்குவதைச் சில நேரம் காட்டுவார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்பா கேட்பார்: "இந்தப் பையன் எவ்வளவு நேரம் எடுத்தான் என்று பார்த்தாயா?"