மாத்திரையை நாள்விட்டு நாள் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காக இரண்டு ஆண்டுகளாக இமாடினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இது கைனேஸ் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து என்றும், கைனேஸ் இல்லாமல் இதயமும் மூளையும் இயங்காது என்றும் இணையத்தில் படித்தேன். காலையில் இமை வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தோல் வெளுத்திருக்கிறது, முடி கொட்டுகிறது. மனச்சோர்வுக்காக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். பயத்தில் மூன்று மாதமாக இமாடினிப்பை நாள்விட்டு நாள்தான் எடுக்கிறேன். ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே உள்ளது. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் பிசிஆர் பரிசோதனை மட்டும் 0.06 சதவீதத்திலிருந்து 0.7 ஆகியிருக்கிறது. ஒன்றுக்குக் கீழேதானே? இந்த மருந்து என் நல்ல செல்களையும் அழித்துவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த 0.7 மட்டும்தான். நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்குக் கீழே இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. 0.1 சதவீதத்துக்குக் கீழே பாதுகாப்பாக இருந்த நோய், பத்து மடங்குக்கு மேல் பெருகி அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. ரத்த எண்ணிக்கையைப் பார்த்து ஆறுதல் கொள்ளாதீர்கள். அந்தப் பரிசோதனைக்கு இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் நோய் தெரியவே தெரியாது. அதற்காகத்தானே பிசிஆர் எடுக்கிறோம்? அடுத்த மூன்று மாதப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

உங்களை உண்மையில் வாட்டுவது நல்ல செல்களைப் பற்றிய பயம். அதற்கு வருகிறேன். கைனேஸ் என்பது ஒரே ஒரு புரதம் அல்ல. மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட புரத கைனேஸ்கள் இருக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுவது இவற்றின் வேலை. 'பிரி', 'வளர்', 'சர்க்கரையை உடை' போன்ற கட்டளைகள் செல்லுக்குள் இப்படித்தான் கைமாறிப் போகின்றன. வேலை முடிந்ததும் பாஸ்படேஸ் என்ற நொதிகள் அந்த பாஸ்பேட்டை அகற்றிவிடும், கட்டளை அடங்கிவிடும். பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதுமான இந்த முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் எட்மண்ட் பிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் நோயில் கெட்டுப்போனது இந்த அடங்கும் குணம். 9-ஆம் குரோமோசோமின் துண்டு ஒன்றும் 22-ஆம் குரோமோசோமின் துண்டு ஒன்றும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால், பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புக் கைனேஸ் உருவாகிவிட்டது. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்ட அழைப்பு மணி போல அது ஓயாமல் 'பிரி, பிரி' என்று ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கைனேஸில் ஏடிபி வந்து அமரும் பள்ளத்தை இமாடினிப் அடைத்துக்கொள்கிறது, ஆணை நிற்கிறது. (பரிசோதனையின் பெயரும் பிசிஆர், மரபணுவின் பெயரும் பிசிஆர் என்பதால் குழம்ப வேண்டாம், இரண்டும் வேறு.)

500 கைனேஸ்களையும் இந்த மருந்து தொடுவதில்லை. ஏபிஎல் தவிர, கிட், பிடிஜிஎஃப்ஆர் போன்ற சிலவற்றை மட்டும் தடுக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு கிட் தேவை என்பதால்தான் உங்கள் தோல் வெளுத்தது. ஆக, நல்ல செல்களையும் கொஞ்சம் தொடுகிறது என்பது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். தொடுவது வேறு, அழிப்பது வேறு. 2001-இல் இம்மருந்து அனுமதி பெற்றதிலிருந்து ஏராளமானோர் ஆண்டுக்கணக்கில் இதைச் சாப்பிட்டு வருகிறார்கள். இதயம் செயலிழப்பது அவர்களில் அரிது. இதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பலரைச் சில ஆண்டுகளுக்குள் இழந்துகொண்டிருந்தோம். அந்த ஒரு மாத்திரையை இணையப் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு நீங்கள் பாதியாக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலை நேர இமை வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும் இந்த மருந்தில் சாதாரணம். முடி கொட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். எடை திடீரென்று ஏறி, மூச்சு வாங்கினால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாள்விட்டு நாள் சாப்பிட்டால் என்ன ஆகும்? ரத்தத்தில் இமாடினிப்பின் அளவு சுமார் 18 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் நாள் முடிவதற்குள் அது மிகவும் குறைந்து, அடங்கியிருந்த கைனேஸ் மீண்டும் தலைதூக்கும். போதாக்குறைக்கு அந்த மூலிகை மாத்திரை. அது கல்லீரல் நொதியைத் தூண்டி இமாடினிப்பை இன்னும் வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. மருந்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியிலும் ஒரு பங்கைத் துரத்தியிருக்கிறீர்கள். மூலிகை என்றால் தீங்கில்லை என்று யார் சொன்னார்கள்? அதை நிறுத்துவது பற்றி இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மனச்சோர்வை அவரிடம் மறைக்காதீர்கள். இமாடினிப்போடு சேர்த்து எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

மருந்து அரைகுறையாக இருக்கும் சூழலில், அதற்கு அடங்காத செல்கள் தேர்ந்து பெருக வாய்ப்பு உண்டு. அவற்றில் டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்துவிட்டால் இமாடினிப் மட்டுமல்ல, டாசாடினிப், நிலோடினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகளும் பலிக்காது. போனாடினிப், அசிமினிப் போன்றவற்றைத் தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு அப்படி ஆகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தவறவிட்ட மாத்திரைகளே காரணமாக இருந்தால், தினமும் சாப்பிடத் தொடங்கியதும் எண் பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டால் மரபணு மாற்றப் பரிசோதனை தேவைப்படும்.

மருந்தை ஒருநாள் நிறுத்தவே முடியாதா என்றால், சிலரால் முடியும். பல ஆண்டுகள் ஒழுங்காகச் சாப்பிட்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தவர்களுக்கு, மாதாமாதம் பிசிஆர் பார்த்துக்கொண்டே நிறுத்துகிறோம். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். நீங்கள் இப்போது அந்த நிலையில் இல்லை.

இன்றே பழைய அளவில் தினமும் தொடங்குங்கள். உணவோடு, ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரட்டை மாத்திரை வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது இரண்டு பிசிஆர் அறிக்கைகளையும் அந்த மூலிகை மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை நாள் மாத்திரையை விட்டீர்கள் என்பதை அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால் மருந்தே தோற்றுவிட்டது என்று அவர் முடிவுகட்டக்கூடும்.