கேள்வி–பதில்: பிறர் வரைந்த தரையில் நம் கோலம்

கணினி விளையாட்டுகளுக்கு மோட் (விளையாட்டை மாற்றவோ கூட்டவோ ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகள்) செய்து இணையத்தில் பகிர்வது பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் மோட் செய்யும் ஏறக்குறைய எல்லோரும் ஒரு நாள் சந்திப்பது என்பதால், அதற்கான பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டில் பண்ணை வீட்டு வாசலில் நாளுக்கு ஒரு கோலம் தோன்றும்படி ஒரு மோட் செய்திருக்கிறேன். கோலங்கள் எல்லாம் நான் வரைந்தவை. கோலத்துக்குக் கீழே உள்ள செம்மண் தரையை மட்டும், நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் வேறொருவர் வெளியிட்ட மோடிலிருந்து எடுத்தேன். அவருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. மூன்று ஆண்டுகளாக அவர் எதையும் வெளியிடவும் இல்லை. அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லிவிட்டால் போதுமா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: போதாது. பெயரைக் குறிப்பிடுவதும் அனுமதி பெறுவதும் வெவ்வேறு கடமைகள். ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று நீங்கிவிடாது. ஆனால் அவருக்கு எழுதுவதற்கு முன்பே நீங்கள் பார்த்திருக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. நெக்சஸ் மோட்ஸில் ஒவ்வொரு மோடின் விவரத்தோடும் அனுமதிகளுக்கென்று ஒரு பகுதி மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோடை வேறு தளத்தில் ஏற்றலாமா, திருத்தி வெளியிடலாமா, வேறு விளையாட்டுக்கு மாற்றலாமா, அதிலுள்ள படங்களை எடுத்தாளலாமா, அப்படி எடுத்தாண்டதை விற்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரே தனித்தனியாக விடை தந்திருப்பார். பெயரைக் குறிப்பிட்டால் படங்களைப் பயன்படுத்தலாம் என்று அவர் அங்கே சொல்லியிருந்தால், அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முன்கூட்டியே தன்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம், நோய்வாய்ப்பட்டிருக்கலாம், மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருக்கலாம். எதுவானாலும் அந்தத் தரை இன்னும் அவருடையதுதான்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, அவருடைய படத்தை உங்கள் கோப்புறையில் சேர்க்காமல், உங்கள் மோட் இயங்க அவருடைய மோடும் தேவை என்று அறிவிப்பது. ஒவ்வொரு மோடோடும் அதன் விவரங்களைச் சொல்ல, manifest என்று ஆங்கிலத்தில் பெயரிடப்பட்ட ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். அதில் சார்ந்திருக்கும் மோட்களைக் குறிப்பிடுவதற்கென்றே இடம் இருக்கிறது. விளையாட்டின் மூலக் கோப்புகளைத் தொடாமல் படங்களை மாற்ற உதவும் ‘கன்டென்ட் பேட்சர்’ என்ற மோட் வழியாகச் செய்யும்போது, பின்னணி ஒளி ஊடுருவும்படி சேமித்த கோலப் படத்தை, கீழே உள்ளதை அழிக்காமல் அதன்மேல் படியும்படி அமைக்கலாம். விளையாடுபவர் அவருடைய மோடை அவரிடமிருந்தே தரவிறக்கிக்கொள்வார். அவருடைய தரவிறக்க எண்ணிக்கையும் கூடும். இதில் ஒரு குறையும் உண்டு. 2024 மார்ச்சில் ஸ்டார்டியூவின் 1.6 பதிப்பு வந்தபோது பல மோட்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததைப் போல, அடுத்த பெரிய பதிப்பில் கவனிப்பாரற்ற அந்தத் தரை மோட் செயலிழந்தால் உங்கள் கோலமும் அதோடு நின்றுபோகும்.

ஆகவே இரண்டாவது வழியையே உங்களுக்குச் சொல்வேன்: தரையை நீங்களே வரைந்துவிடுங்கள். இந்த விளையாட்டில் ஒரு தரைக் கட்டம் என்பது அகலத்தில் 16, உயரத்தில் 16 என்று மொத்தம் 256 புள்ளிகள்தான். செம்மண்ணுக்கு நான்கைந்து நிறங்கள் போதும். வாசல் தெளித்த ஈரம் தெரிய ஓரங்களில் ஒரு நிறத்தை மட்டும் சற்று அடர்த்தியாக்கிப் பாருங்கள். புள்ளி வைத்துக் கோலம் வரைந்தவருக்கு இது ஒரு மாலை நேரத்து வேலை. அவருடைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிறம் மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள், அது வரைவதாகாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழு மாதங்கள் இரவு இரவாக உட்கார்ந்து செய்த மோடை, யாரோ பெயரை மட்டும் அழித்துவிட்டு வேறு தளத்தில் ஏற்றியதைப் பார்த்த என் நண்பர் ஒருவர் அதன்பின் எதையுமே வெளியிடவில்லை. அவர் பணம் எதிர்பார்த்தவர் அல்லர். ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றும் தொகுப்பில் விளையாட்டின் சொந்தக் கோப்புகள் எதுவும் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் விளையாட்டின் படங்கள் அடங்கிய எக்ஸ்என்பி கோப்பையே திருத்தி அப்படியே பகிரும் வழக்கம் இருந்தது. அதில் விளையாட்டை உருவாக்கியவரின் ஓவியமும் சேர்ந்தே போய்விடும், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மோட் பழுதாகும்.

கேள்வி: எங்கள் ஊரில் இணைய வேகம் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்கைரிம்’ மோட்களைத் தொகுத்துப் பென் டிரைவில் போட்டு, செலவுக்கு மட்டும் ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
— வாசகர், நீலகிரி

பதில்: உங்கள் நோக்கம் நல்லது என்றாலும், பணம் வாங்காதீர்கள். ஏறக்குறைய இதே செயல் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ‘டியூக் நூகம் 3டி’ விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கி இலவசமாகப் பகிர்ந்திருந்த 300 நிலைகளை மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் ஒரு குறுந்தகட்டில் தொகுத்து விற்றது. அந்தக் கோப்புகளில் விளையாட்டின் படங்கள் எதுவும் இல்லாதபோதும், அவை அந்த விளையாட்டின் கதையைத் தொடரும் வழிப்படைப்புகள், ஆகவே அனுமதியின்றி விற்றது பதிப்புரிமை மீறல் என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அதைத் தழுவி மாற்றும் உரிமையையும் படைப்பாளியிடமே வைத்திருக்கிறது.

ஸ்கைரிமுக்கே ஒரு பழைய கதை உண்டு. 2015 ஏப்ரலில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்த விளையாட்டின் மோட்களை விற்க வழிசெய்தார்கள். மோட் செய்தவருக்கு விலையில் 25 சதவீதம். எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களிலேயே திட்டத்தைக் கைவிட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சில நாள்களுக்குள்ளாகவே, விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவூட்ட மோடைச் சார்ந்திருக்கிறது என்று சர்ச்சை எழுந்து, அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இலவசமாகக் கொடுத்தவரின் மனநிலை விலைச்சீட்டு ஒட்டியதும் மாறிவிடுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் தொலைபேசியில் ‘மோட் ஏபிகே’ என்று ஏதேதோ தரவிறக்குகிறான். நீங்கள் எழுதும் மோட் என்பதும் அதுவும் ஒன்றா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: இல்லை, அம்மா. நான் எழுதுவது, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டோடு ரசிகர்கள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கோப்புகளைப் பற்றி. உங்கள் மகன் தரவிறக்குவது பெரும்பாலும் பூட்டு உடைக்கப்பட்ட முழுச் செயலியாக இருக்கும்; உடைத்தவர் அதற்குள் வேறு என்ன வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. வங்கிச் செயலி இருக்கும் தொலைபேசியில் அதை நிறுவ விடாதீர்கள்.

முறையான தளங்களிலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் ‘மைன்கிராஃப்ட்’ மோட்களுக்குப் பெயர்பெற்ற கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் ‘ஃப்ராக்சரைசர்’ என்ற தீநிரல் சில மோட்களுக்குள் புகுந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உலாவியில் சேமித்த உள்நுழைவு விவரங்களைத் திருடியதோடு, கணினியில் உள்ள மற்ற ஜார் கோப்புகளையும் (இந்த விளையாட்டின் மோட்கள் இந்த வடிவில்தான் இருக்கும்) அது தொற்றியது. ஆகவே தொற்றுக்கு ஆளான மோட் ஆசிரியர் ஒருவர் தம்மையறியாமலே அதைப் பரப்பக்கூடும். மோட் ஏற்றுபவர்கள் தங்கள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்துக்கொள்வது, தரவிறக்கும் ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் செய்யும் உதவி.

கேள்வி: நான் ஏற்றிய மோடைப் பின்னாளில் நீக்க விரும்பினால் முழுமையாக நீக்க முடியுமா?
— மென்பொருள் பணியாளர், திருச்சி

பதில்: தளத்தைப் பொறுத்தது. நெக்சஸ் மோட்ஸ் 2021-இல் பல மோட்களை ஒரே பட்டியலாகத் தொகுத்துத் தரும் வசதியைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் நீக்கும் கோப்புகள் இனி அழிக்கப்படாமல் காப்பகத்தில் வைக்கப்படும் என்று அறிவித்தது. அதை ஏற்காதவர்கள் தங்கள் கோப்புகளை அடியோடு அழித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் தந்தது. சிலர் பல ஆண்டு உழைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு கோப்பு மறைந்தால் அதை நம்பிய நூறு மோட்கள் கொண்ட தொகுப்பு குலையும் என்ற தளத்தின் கவலை எனக்குப் புரிகிறது. என்றாலும், தன் படைப்பைத் திரும்பப் பெறும் உரிமை படைத்தவரிடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நீங்கள் இன்னும் ஏற்றவில்லை என்றால், விதிமுறைகளில் நீக்கம் பற்றிய பத்தியை மட்டுமாவது இன்றே படியுங்கள். மூலக் கோப்புகளின் ஒரு படியையும், யாரிடம் எப்போது அனுமதி பெற்றீர்கள் என்ற கடிதங்களையும் உங்கள் வன்தட்டில் ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.