ரூட் கேனலில் பல் ஓட்டையானால்: வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்யும்போது அடியில் ஓட்டை விழுந்துவிட்டதாக டாக்டரே சொன்னாருங்க. மருந்து வைத்து அடைத்து, ரெண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பல்லை எடுத்துவிடலாங்களா? (திருப்பூர்)

அவசரப்பட்டு எடுக்காதீங்க. மறைக்காமல் சொல்லி, அன்றைக்கே அடைத்திருக்கிறாரே, பல் பிழைக்க அதுதான் பெரிய துணை. வயதாக ஆக, பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை சுருங்கி, சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். பல்லும் சாய்ந்திருந்தால் ட்ரில் கொஞ்சம் திசை மாறினாலே போதும். கவனமான கைக்கும் இது நடப்பதுண்டு.

ஓட்டை வழியாக எலும்புக்குப் போகும் எச்சிலும் கிருமியும்தான் பல்லைக் கெடுக்கின்றன. ஆகவே எவ்வளவு பெரிது, எந்த இடம், எத்தனை நேரம் திறந்து கிடந்தது என்று கேளுங்கள். ஈறு விளிம்பை ஒட்டி விழுந்தால் சிரமம். வாய்க்கிருமி சுலபமாக இறங்கிவிடும். வேரில் கீழே, எலும்புக்குள் இருந்தால் நம்பிக்கை அதிகம்.

உங்களுக்கு வைத்தது எம்டிஏ (MTA) என்ற அடைப்புப் பொருளாக இருக்கலாம். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவர் தொராபிநெஜாத்தின் குழு 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கோவை மதுக்கரை ஆலையில் அரைக்கிற போர்ட்லேண்ட் சிமென்ட்டின் இனம்தான், மருத்துவத்துக்கென்று சுத்தமாகச் செய்தது. பழைய அடைப்புப் பொருள்கள் பலவற்றுக்கு ஈரம் ஆகாது. இது ஈரத்தில்தான் இறுகும். இறுக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். பயோடென்டின் என்ற இன்னொரு அடைப்புப் பொருள் என்றால் இறுக சுமார் 12 நிமிடம். அன்றைக்கே மேல்வேலையைத் தொடரலாம். எதை வைத்தாலும் கேப் போட்ட பிறகு ஆறு மாதத்தில் ஓர் எக்ஸ்ரே அவசியம்.

அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) ரூட் கேனல் செய்து பல மாதமாச்சுங்க. ஈறு வீங்கி, சீழ் வந்து, வற்றி, மறுபடி வீங்குது. பழைய ஓட்டையாக இருக்குமா? (கோபி)

இருக்கலாம். வேரில் விரிசல் விழுந்தாலும், வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் ஒன்றைச் சுத்தம் செய்யாமல் விட்டுப்போனாலும் இப்படித்தான் தெரியும். சிபிசிடி (CBCT) என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் பிடிபடும். நாள்பட்ட ஓட்டையை அடைப்பது கடினம். சில சமயம் ஈறைத் திறந்து வெளியிலிருந்து அடைக்க வேண்டும், எலும்பு நிறையக் கரைந்திருந்தால் பல்லை எடுப்பதே நல்லது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைத் தள்ளாதீங்க. மாத்திரை வீக்கத்தை வற்ற வைக்கும், ஓட்டையை அடைக்காது.

ஓட்டையை அடைத்த முன்பல் சாம்பல் நிறமாகிவிட்டது. சொத்தையா? (பொள்ளாச்சி)

பெரும்பாலும் இல்லை. எம்டிஏயில், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கும் பிஸ்மத் ஆக்ஸைடு பல்லைக் கறுக்க வைக்கும். வலியும் வீக்கமும் இல்லையென்றால், எக்ஸ்ரே பார்த்துவிட்டு வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) கேப்போ போட்டுக்கொள்ளலாம்.