பயாஸில் தெரியும் டிஸ்க் லினக்ஸில் தெரியவில்லையே?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் எல்எஸ்ஐ 9211-8i என்ற, டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு வாங்கி நான்கு சாட்டா டிஸ்க்குகளை மாட்டினேன். கணினி கிளம்பும்போது கார்டின் திரையில் நான்கும் வருகின்றன. ராக்கி லினக்ஸ் 9 நிறுவப் போனால் ஒன்றுகூட இல்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் திரையில் டிஸ்க்குகள் வருகின்றன என்றால் கார்டும் கேபிளும் சரியாகவே இருக்கின்றன.

கார்டில் உள்ளது எஸ்ஏஎஸ்2008 சிப். இதற்கான எம்பிடி3சாஸ் (mpt3sas) டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் மாட்டியதுமே ஓடும். ரெட் ஹாட்தான் 8ஆம் பதிப்பு முதல், டிரைவரை வைத்துக்கொண்டு, அது ஏற்கும் சாதனப் பட்டியலிலிருந்து இந்தச் சிப்பின் எண்ணை நீக்கிவிட்டது. ரெட் ஹாட்டை ஒட்டியே உருவாக்கப்படும் ராக்கி அதையே பின்பற்றுகிறது. கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci -nn) கட்டளையில் 1000:0072 என்ற எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

சுலபமான வழி, ராக்கியைப் போலவே ரெட் ஹாட்டை ஒட்டிய அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தைய 9 வரிசைப் பதிப்பு. நீக்கப்பட்ட பழைய கார்டுகளை அவர்கள் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். ராக்கிதான் வேண்டும் என்றால் ரெட் ஹாட் வகை லினக்ஸுக்கு கூடுதல் டிரைவர்கள் தரும் ஈஎல்ரெப்போ (ELRepo) தளத்தின் எம்பிடி3சாஸ் டிரைவர் டிஸ்க் கோப்பை எடுங்கள். 9.4க்கு உரியது 9.5க்கு ஆகாது என்பதால் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். அதை இன்னொரு பென் டிரைவில் எழுதி, ஓஇஎம்டிஆர்வி (OEMDRV) என்ற லேபிளோடு செருகினால் நிறுவி தானே எடுத்துக்கொள்ளும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கினால் ஈஎல்ரெப்போவின் சாவியைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் ஏறாது.

இந்த ஈஎல்ரெப்போ வழியில் வில்லங்கம் பிறகுதான் வரும். புதிய கெர்னல் முந்திக்கொண்டு, அதற்கான டிரைவர் பின்தங்கினால் மறுதொடக்கத்தில் டிஸ்க்குகள் காணாமல் போகும். அதனால் இயங்குதளத்தை மதர்போர்டு சாட்டாவில் உள்ள எஸ்எஸ்டியில் வையுங்கள். கார்டில் தரவு மட்டும் இருக்கட்டும்.

டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறையை ஓட்டுவதாக இருந்தால், கார்டின் ஃபெர்ம்வேர், டிஸ்க்குகளை ரெய்டு ஆக்காமல் அப்படியே காட்டும் ஐடி (IT) வகையா என்று பாருங்கள். பதிப்பு 20.00.07.00 ஆக இருக்க வேண்டும். 20 வரிசையின் ஆரம்பப் பதிப்புகளில் கோளாறு உண்டு. மாற்றும்போது பழையதை அழித்த பிறகு, புதியதை ஏற்றி முடிக்கும் வரை கணினியை நிறுத்தக் கூடாது.

இது சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு. சாதாரண கேபினெட்டில் ஹீட்சிங்க் மேல் 40 மிமீ விசிறி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். சூடேறினால் வேலைப்பளுவின் நடுவே டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பழி என்னவோ டிஸ்க் மேல்தான் விழும்.